நான்காவது அட்டவணை

அத்தியாயம் ஐந்து

“மொட்டைக் கடிதம் எழுதிறவங்கள் முத்திரையைக் கோணலா ஒட்டுவாங்கள், விலாசத்தில பிழை விடுவாங்கள். இவர் தபால் இலக்கமும் போட்டு முத்திரையையும் அடிமட்டம் வச்சு நேரா ஒட்டியிருக்கிறார். இவ்வளவு ஒழுங்கான எதிரி எங்களுக்கு இதுவரைக்கும் கிடைக்கேல்லை ரீச்சர்,” என்றான் பைறூஸ்.

யதுர்ஷிகா சிரிக்கவில்லை. காலையில் முல்லைத்தீவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள், இன்னும் தோள்பையைக்கூடக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்தாள்.

கிளிநொச்சியில் பைறூசின் போட்டோக்கொப்பிக் கடைக்குப் பின்னால் உள்ள அறை என்னுடையது. படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகு நாலு வருடமாக அங்கேதான் இருக்கிறேன். கல்வியியலில் பட்டமேற்படிப்புச் செய்கிற ஆசிரியர்கள் ஐந்நூறு பக்க ஆய்வோடு வருவார்கள். அதைப் பதினைந்து பக்கக் கட்டுரையாக்கி ஆய்விதழ் ஒன்றில் வெளிவரச் செய்வது என் வேலை. ஒரே முன்னுரையை மூன்று பேர் மூன்று பெயரில் கொண்டுவந்ததை ஒருமுறை கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து எனக்கு சி.ஐ.டி. ரீச்சர் என்று பெயர். பைறூஸ் கடைக்கு முன்னால் வைத்திருக்கும் பலகையில், ‘ஆய்வுகள் திருத்தித் தரப்படும், குற்றங்கள் கண்டுபிடித்துத் தரப்படும், லமினேற்றிங் உண்டு’ என்று இருக்கிறது. நடுவில் உள்ளதை அழிக்கச் சொல்லி இரண்டு வருடம்.

ஆய்விதழின் ஆசிரியர் தனக்கு வந்த கடிதத்தையும் உறையையும் ஸ்கான் செய்து, என்னிடம் வருகிறவர்களில் ஒருத்தியான யதுர்ஷிகாவுக்கு அனுப்பியிருந்தார். சதுரக்கோட்டுக் கொப்பித் தாளில் நீலப் பேனையால் எழுதிய கடிதம்.

‘ஐயா, யதுர்ஷிகா என்பவர் உங்கள் இதழுக்கு எழுதும் கட்டுரையில், அட்டவணை 4 இல், பாடசாலை ஊ, நான்காம் வகுப்பு, நெடுநாள் வராத மாணவர் பதினொருவர் என்று உள்ளது. அந்தப் பதினொருவரில் ஒருவர்கூட அந்த வருடம் அந்த ஊரில் இல்லை. இல்லாத பிள்ளைகளை வைத்துக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். பெற்றோரின் அக்கறையீனமே காரணம் என்று எழுதியிருப்பது பெரும் பொய். இதைப் பிரசுரிக்க வேண்டாம். இப்படிக்கு, அறிந்தவன்.’

கீழே இதழாசிரியர் இரண்டு வரி எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள் தகுந்த விளக்கம் வராவிட்டால் கட்டுரை நிராகரிக்கப்படும். தரவுகள் புனையப்பட்டவை என்று பல்கலைக்கழகத்துக்கும் அறிவிக்கப்படும்.

அன்று புதன்கிழமை.

“நான் வரவு இடாப்பில இருந்ததைத்தான் எண்ணினனான் ரீச்சர்,” என்றாள் யதுர்ஷிகா. “ஒவ்வொரு பூச்சியமா எண்ணினனான். ஆறு பள்ளிக்கூடத்தில, ரெண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு இடாப்பு. ஊ பள்ளிக்கூடத்து இடாப்பின்ர முன்மட்டையைக் கறையான் திண்டிட்டுது, உள்பக்கம் எல்லாம் முழுசா இருந்தது. நெறிமுறைப்படி பிள்ளையளின்ர பேரை எடுத்துப்போட்டு இலக்கம் போட்டன், பள்ளிக்கூடத்துக்கு அ, ஆ எண்டு எழுத்துப் போட்டன். பள்ளிக்கூடத்தின்ர பேரை உங்களுக்குக்கூடச் சொல்லேல்லை.”

“ஓம். சொல்லேல்லை,” என்றேன்.

“கட்டுரை போனால் போகட்டும். பொய்க்காரி எண்டு பேர் வந்தால், பிறகு எந்த வகுப்பில போய் நிண்டு, பொய் சொல்லாதேங்கோ பிள்ளையள் எண்டு சொல்லுறது?”

கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பைறூஸ் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று, “பொறுங்கோ,” என்றான். “அட்டவணை நாலு எண்டிருக்கு. அனுப்பின கட்டுரையில மூண்டு அட்டவணைதானே? நான்தானே பைன்ட் பண்ணினனான்.”

நான் அதைக் கடிதம் கையில் கிடைத்த உடனேயே கவனித்திருந்தேன்.

“ஆவணியில மூண்டையும் நாலையும் நான்தான் ஒண்டாக்கினன்,” என்றேன்.

“ஏன்?”

“பக்கம் குறையட்டும் எண்டு.”

“அப்ப இவர் வாசிச்சது ஆடி மாதப் பிரதி,” என்றான் பைறூஸ், துள்ளிக்கொண்டு. “அது ரெண்டே ரெண்டு கொப்பிதான் அடிச்சது. ஒண்டு தங்கச்சியிட்ட, மற்றது உங்களிட்ட.”

யதுர்ஷிகா பையிலிருந்து தன் பிரதியை எடுத்தாள். நான் அலுமாரியிலிருந்து என்னுடையதை எடுத்தேன். இரண்டும் மேசையில் இருந்தன. பைறூஸ் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மாறியது.

“ரீச்சர், குற்றவாளி அகப்பட்டிட்டான்.”

“ஆர்?”

“நான்தான்.”

முதலில் அடித்த பிரதி ரோனர் முடிந்து மங்கலாக வந்ததாம். அதைக் கழிவுப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் புதிதாக இரண்டு அடித்தானாம். கழிவுப் பெட்டி நிறைந்தால் அது எங்கே போகும் என்பது கிளிநொச்சியில் எல்லோருக்கும் தெரியும். பஸ் நிலையத்தடியில் சிற்றம்பலத்தாரின் தேத்தண்ணிக் கடைக்கு, வடை சுற்ற.

“உங்கட ஆய்விதழுக்கு முந்நூறு வாசகர் எண்டால் பெரிசு. சிற்றம்பலத்தாற்ற வடைக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் வாசகர்,” என்றான் பைறூஸ், எழும்பி மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்தபடி. “தங்கச்சி, உங்கட கட்டுரை வெளிவந்திட்டுது. நாங்கள்தான் கவனிக்கேல்லை.”

யதுர்ஷிகாவைக் கடையில் இருத்திவிட்டுப் புறப்பட்டோம். படி இறங்கும்போது உறையின் படத்தை இன்னொரு தரம் பார்த்தேன். மேலே குத்தியிருந்த தபால் முத்திரையில் கடைசி எழுத்துக்கள் மட்டும்தான் விழுந்திருந்தன. ‘புரம்’. வன்னியில் எத்தனையோ புரம் இருக்கிறது. எதுவாகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சிற்றம்பலத்தார் எண்ணெய்ச் சட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் கதைக்கிற மனிதர்.

“உங்கட கடதாசி நல்ல கடதாசி. எண்ணெய் குடிக்காது, வடையில மை ஒட்டாது. ஏன், திருப்பி வேணுமோ?”

“கடதாசி இல்லை ஐயா, அதை வாசிச்ச ஆள் வேணும்,” என்றான் பைறூஸ்.

“அப்பிடிச் சொல்லும்.” அவர் அகப்பையால் ஒரு வடையைத் திருப்பிப் போட்டார். “ஒராள் வாசிச்சவர். ஆடி முடியிற நேரம். நாலு பருப்பு வடை வாங்கினவர். வடையை மேசையில தட்டிப்போட்டுக் கடதாசியை நிமித்தி நிமித்திப் பாத்தார். பிறகு, மிச்சம் இருக்கோ எண்டார். நான் வடைத் தட்டில கையை வச்சன். வடை இல்லை, கடதாசி எண்டார். கட்டைத் தூக்கிக் குடுத்தன். அரை மணித்தியாலம் நிண்டு, பேரும் இதழின்ர விலாசமும் இருந்த முதல் பக்கம் வரைக்கும் தெரிஞ்சு எடுத்தார். பஸ்ஸையும் விட்டிட்டார், வடையையும் விட்டிட்டார். முப்பது வருசத்தில என்ர வடையை விட்டிட்டுப் போனது அந்த ஒரு மனுசன்தான்.”

“எந்த பஸ்?”

“ஸ்கந்தபுரம் பஸ். தண்ணி இறைக்கிற மிசினைத் திருத்தக் கொண்டுவந்தவர். மிசின்காரப் பெடியன், வீரபாகு அண்ணை, வீரபாகு அண்ணை எண்டு கூப்பிட்டவன்.”

பைறூஸ் என்னைப் பார்த்து இரண்டு புருவத்தையும் உயர்த்தினான். ஒரு வழக்கு அரை மணித்தியாலத்தில் முடிகிறது என்கிற சந்தோசம் அது. நான் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தேன்.

வீரபாகு என்ற பெயர் எனக்குத் தெரியும். அந்த மனிதரை நான் ஒரு நாளும் கண்டதில்லை. ஆனால் அந்தப் பெயரைத் தகப்பன் பெயராக முன்னால் போட்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையின் பெயரை எழுதியிருக்கிறேன். பத்தொன்பதாம் இலக்கம். தெரியும் என்று அப்போதே பைறூசுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

“நாலு வடை சுத்தித் தாங்கோ,” என்றான் பைறூஸ் சிற்றம்பலத்தாரிடம். “எங்கட கடதாசியில.”

“சாப்பிடவோ?”

“இல்லை. சாட்சிக்கு.”

அக்கராயன் வீதியில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. இரண்டு பக்கமும் வயல்கள் விதைப்புக்கு உழுது கிடந்தன. பைறூஸ் வழி முழுக்கக் கதைத்தான். வேறொரு மாணவன் பொறாமையில் இந்த வீரபாகுவைப் பிடித்து எழுதுவித்திருக்கலாம் என்றான். பிறகு, பொறாமைக்காரன் இவ்வளவு நல்ல தமிழ் எழுதமாட்டான் என்று தானே அதை மறுத்தான்.

“ரீச்சர், நீங்கள் ஒண்டும் கதைக்கிறேல்லை. சந்தேகநபர் கிடைச்சால் வழமையா என்னை வச்சுக் குறுக்கு விசாரணைக்கு ஒத்திகை பாப்பீங்கள்.”

“வெயில்.”

“நீங்கள் இந்தப் பக்கம் படிப்பிச்சனீங்களோ?”

“கன இடத்தில படிப்பிச்சனான்.”

“கன இடம் எண்டது ஒரு விலாசமோ?” என்று சிரித்தான். “தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனம் எல்லாரையும் வடக்கை விட்டு வெளிக்கிடச் சொல்லி, நாங்கள் முல்லைத்தீவை விட்டுப் புத்தளம் போகேக்க எனக்கு எட்டு வயசு. வாப்பா ஒருத்தருக்கும் சொல்லாமக் கொள்ளாமக் கூட்டிக்கொண்டு போனவர், சொல்ல நேரம் இல்லை. என்ர பள்ளிக்கூடத்தில அடுத்த நாளும் இடாப்புக் கூப்பிட்டிருப்பினம் என்ன? எனக்கும் பூச்சியம் போட்டிருப்பினம். ‘பைறூஸ், நெடுநாள் வரவில்லை, காரணம், பெற்றோரின் அக்கறையீனம்.’ எங்கட வாப்பா கேட்டிருந்தால் அந்த ரீச்சரைத் தேடிப்போய்க் கடிச்சிருப்பார்.”

அவன் சொன்ன பகிடிக்கு அவனே சிரித்தான். நான் பின்னால் இருந்து மோட்டார் சைக்கிளின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வீரபாகுவின் வீடு வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. ஐம்பத்தைந்து வயது இருக்கும். முற்றத்தில் சாக்கை விரித்து அந்தத் தண்ணீர் மிசினைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய தாய் தகப்பன் எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள். இவர் இங்கேயே வளர்ந்தவர், ஆனால் பேச்சில் மலைநாடு போகவில்லை.

“கட்டுரை விசயமா வந்தனாங்கள்,” என்றேன். என் பெயரைச் சொல்லவில்லை.

“அதுக்கு முதல் இது,” என்று பைறூஸ் வடைச் சுற்றை நீட்டினான். “சிற்றம்பலத்தார் தந்துவிட்டவர். ஆடி மாதம் விட்டிட்டுப் போட்டீங்களாம்.”

வீரபாகு கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். சுற்றைப் பிரிக்கவில்லை. வடை சூடாக இருக்கிறதா என்று தொட்டும் பார்க்கவில்லை. சுற்றியிருந்த கடதாசியைத் திருப்பி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தார். பைறூஸ் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான். அவ்வளவுதான் அவனுடைய சோதனை.

வீரபாகுவுக்கும் அது விளங்கிவிட்டது.

“நான்தான் எழுதுனேன்,” என்றார். “உக்காருங்க. அந்தப் புள்ளய கெடுக்கணும்னு எழுதல. அது யாருன்னே தெரியாது. ஆனா எண்பத்தேழு நாளுன்னு அதுல இருந்துச்சு. பாடசாலை ஊ, நாலாம் வகுப்பு, பத்தொன்பதாம் மாணவர், எண்பத்தேழு நாள். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.”

உள்ளே போய் அலுமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டிருந்த, கல்விக் கந்தோர் முத்திரை குத்திய ஒரு தாளைக் கொண்டுவந்து பைறூசிடம் கொடுத்தார். பைறூஸ் சத்தமாக வாசித்தான்.

“‘உமது பிள்ளை வீரபாகு சுதர்சினி, நான்காம் வகுப்பு, இவ்வாண்டு எண்பத்தேழு நாட்கள் பாடசாலைக்குச் சமுகமளிக்கவில்லை என வகுப்பாசிரியரின் அறிக்கையிலிருந்து தெரியவருகிறது. இதற்கான காரணத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கவும்.’ ரெண்டாயிரத்துப் பத்து, ஆவணி.”

“சுதர்சினிய நாங்க அதுக்கு முந்தின வருசம் வைகாசியில தவற விட்டுட்டோம்,” என்றார் வீரபாகு. “முள்ளிவாய்க்கால்ல. சனத்தோட சனமா ஓடுறப்ப அவ கை விட்டுப் போச்சு. முகாம்ல தேடுனோம், இல்ல. ஊருக்குத் திரும்பி வந்தோம். என் வீட்டுக்காரிக்கு மனசு கொஞ்சம் கொஞ்சமா அடங்கிக்கிட்டு வந்துச்சு. அப்பதான் இது வந்துச்சு.”

பைறூஸ் தாளை முழங்காலில் வைத்தான்.

“இல்லாத புள்ளைக்கு எதுக்குக் கடிதம் போடுவாங்கன்னு கேட்டா அவ. இடாப்புல பேரு இருந்தா, யாரோ எங்கயோ பார்த்துப் பதிஞ்சிருக்காங்கன்னு அர்த்தம், புள்ள உயிரோட இருக்குன்னு சொன்னா. கந்தோர்ல ஏதோ பிழைன்னு நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கேக்கல. ரெண்டு வருசம் ஊர் ஊராப் போனா. அதுக்கப்புறம் கால் ஏலாம நின்னா. நம்பிக்கை நிக்கல. பதினஞ்சு வருசம் கழிச்சு வடை சுத்துன கடதாசியில, பெத்தவங்களுக்கு அக்கறை இல்லன்னு போட்டிருக்கு. சொல்லுங்க, நான் எழுதாம இருக்கலாமா?”

“இருக்கேலாது,” என்றான் பைறூஸ். அவன் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. தாளின் அடியில் கந்தோர் பிரதியெடுத்துப் போட்டிருந்த வகுப்பாசிரியரின் அறிக்கைக்குப் பார்வையை இறக்கினான். “‘வகுப்பாசிரியர்…’”

நின்றுவிட்டான்.

என் கையெழுத்தை அவன் நாலு வருடமாக ஒவ்வொரு நாளும் பார்க்கிறவன். திருத்திய பக்கம் ஒவ்வொன்றின் அடியிலும் நான் போடுவது அதே கையெழுத்து. அவன் தாளைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தான்.

“மை பரவிப் போச்சு,” என்றான். “விளங்கேல்லை.”

பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்த அந்தத் தாளில் ஒரு சொட்டு மையும் பரவவில்லை.

அந்த நிமிடத்தில் வழக்கு முடிந்திருந்தது. இடாப்பில் இருந்ததை மாணவி நேர்மையாக எண்ணினாள். பிழை இடாப்பில். இடாப்பை எழுதியவர் பெயர் தெரியாத ஒரு வகுப்பாசிரியர், முன்மட்டையைக் கறையான் தின்றுவிட்டது, கையெழுத்து விளங்கவில்லை. இந்தத் தாளின் பிரதியோடு அப்படி நாலு வரி எழுதினால் இதழாசிரியர் ஏற்றுக்கொள்வார். யதுர்ஷிகா தப்புவாள். நானும் தப்புவேன். இதுமாதிரி நாலு வரிகள் எழுதுவதில் எனக்குப் பழக்கம் இருக்கிறது.

“மை பரவேல்லை பைறூஸ்,” என்றேன். “வாசி.”

அவன் வாசிக்கவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை.

“திருமதி இராசேஸ்வரி இளையதம்பி,” என்றேன் வீரபாகுவிடம். “அது நான்தான்.”

அவர் மிசினின் ஒரு திருகாணியைக் கையில் வைத்திருந்தார். அதைச் சாக்கின் மேல் வைத்தார். வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்லத் தொடங்கினேன். பாடசாலை திரும்பத் திறந்த அன்று எனக்குப் புது இடாப்பு ஒன்று தந்தார்கள். இடம்பெயர்ந்து போகும்போது என்னோடு கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த பழைய பெயர்ப் பட்டியல் கையில் இருந்தது. அதைப் பார்த்து முப்பத்துநாலு பெயரையும் அப்படியே எழுதினேன். வகுப்பில் பாயில் இருந்தது இருபத்துமூன்று பிள்ளைகள். பெயரை வெட்டுவதென்றால் சிவப்பு மையால் கோடு கிழித்து, பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். பதினான்காம் இலக்கம் மதுசன், என் மகன், அவனும் யுத்தத்திலிருந்து திரும்பாத பதினொருவரில் ஒருவன்.

“அவன்ர பேருக்கு மேல கோடு கிழிக்க என்னால ஏலேல்லை,” என்றேன். “அவனை விட்டிட்டு மற்றப் பிள்ளையளை மட்டும் வெட்டினால் அது அநியாயம் எண்டு நினைச்சன். பதினொரு பேரையும் விட்டன். ஒவ்வொரு நாள் காலமையும் எல்லாப் பேரையும் கூப்பிட்டன். பதில் வராத பேருக்குப் பூச்சியம் போட்டன்.”

“அப்ப ஒங்களுக்கும் இந்தக் கடிதம் வந்துச்சா?” என்றார் வீரபாகு.

அதை அவர் கேட்கமாட்டார் என்று நினைத்திருந்தேன்.

“வந்தது.”

“என்ன செஞ்சீங்க?”

“பதில் எழுதினன். பிள்ளைக்குச் சுகமில்லை, தேறினதும் வருவார் எண்டு.”

அவர் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. “எனக்கு வந்தால் மற்றப் பத்து வீட்டுக்கும் வந்திருக்கும். அது எனக்கு அண்டைக்கே தெரியும். கந்தோருக்குப் போய் நிப்பாட்டச் சொல்லியிருக்கலாம். போனால் மதுசனைப் பற்றியும் சொல்ல வேண்டி வரும் எண்டு போகேல்லை.”

“அட்டவணை,” என்றான் பைறூஸ் மெதுவாக. “பக்கம் குறைக்கவோ ரீச்சர்?”

“இல்லை. யதுர்ஷிகா ஆனி மாதம் பட்டியலைக் கொண்டுவந்து காட்டினவுடனே, பதினாலாம் இலக்கத்தைப் பாத்து எனக்கு விளங்கிட்டுது. பதினொரு பேர் ஏன் வரேல்லை எண்டு தெரியாமல் முழிச்சுக்கொண்டிருந்தாள். காரணம் எழுதாட்டில் திருப்பி அனுப்புவினம் எண்டு சொல்லி அந்த அக்கறையீன வசனத்தைக் குடுத்ததும் நான்தான். பிறகும் மனம் கேக்கேல்லை. ஆவணியில நாலாம் அட்டவணையை எடுத்து மூண்டுக்குள்ள கலந்தன். மொத்தக் கணக்குக்குள்ள போட்டால் அந்தப் பதினொரு பேரையும் ஒருத்தரும் தனிய எண்ணமாட்டினம் எண்டு.”

பைறூஸ் எழும்பி மோட்டார் சைக்கிளடிக்குப் போனான். கொஞ்ச நேரம் அங்கே நின்று திறப்பைச் சுழற்றிக்கொண்டிருந்தான். போய்விடுவான் என்று நினைத்தேன். திரும்பி வந்து அதே இடத்தில் இருந்தான்.

வீரபாகு திருகாணியைத் திரும்ப எடுத்து மிசினில் பூட்டினார்.

“அந்தப் புள்ள பொய் சொல்லல,” என்றார் கடைசியில். “அதை நான் என் பேரு போட்டு எழுதித் தாறேன். கையெழுத்தும் வெக்கிறேன். ஆனா அதுக்கு முந்தி, இப்ப எங்கிட்ட சொன்னத என் வீட்டுக்காரி கமலாட்சிகிட்ட நீங்க சொல்லணும். நான் சொன்னா நம்பமாட்டா. எழுதுன கை சொன்னாத்தான் நம்புவா.”

“எங்க அவா?”

“கச்சான் கடலைத் தோட்டத்துக்குப் புல்லுப் புடுங்கப் போயிருக்கா. மத்தியானத்துக்கு வருவா.”

பைறூஸ் என் பக்கம் சரிந்து, அவருக்குக் கேட்காமல் சொன்னான். “ரீச்சர், நீங்கள் இப்ப சொன்னதை எழுதி நீங்களே கையெழுத்து வச்சு அனுப்பினால் இதழாசிரியருக்கு அது காணும், அதுவே போதும். யதுர்ஷிகா தப்பிடுவாள். இவற்ற கடிதம் தேவையே இல்லை. அந்த மனுசியின்ர முகத்தைப் பாக்காமலே போகலாம்.”

அவன் சொன்னது சரிதான். அது காணும். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

“நீ வேணுமெண்டால் போ,” என்றேன்.

“நான் போனால் உங்களை ஆர் ஏத்திறது? ஸ்கந்தபுரம் பஸ்ஸிலயோ? அதில ஏற நிண்டவர் வடையைக்கூட விட்டிட்டுப் போனவர்,” என்றான். அவன் வாய் பகிடியைச் சொன்னது. கண் சொல்லவில்லை.

கமலாட்சி வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தலையில் புல்லுக்கட்டு. அதை வேலியோரம் இறக்கி, வாளித் தண்ணீரில் காலைக் கழுவினார். பிறகுதான் எங்களைக் கண்டார். என் மடியில் இருந்த கடதாசிக் கோவையைக் கண்டார். பைறூசின் கையில் இருந்த அந்த பிளாஸ்ரிக் உறையைக் கண்டார். ஈரக் காலோடு வேகமாக நடந்து வந்தார்.

“கந்தோர்ல இருந்தா வந்தீங்க? புள்ளய பத்தி ஏதும் தெரிஞ்சுதா?”

பதினைந்து வருடமாக அதே கேள்வியோடு நிற்கிற முகம் அது. வீரபாகு எழும்பி உள்ளே போய்விட்டார்.

நான் எழும்பி நின்றேன். சொன்னேன். வீரபாகுவிடம் சொன்னதைவிடக் குறைவான சொற்களில், ஆனால் எதையும் விடாமல். யாரும் பிள்ளையைக் கண்டு பதியவில்லை என்று சொன்னேன். அந்த எண்பத்தேழும் நான் போட்டது என்று சொன்னேன். ஏன் போட்டேன் என்றும் சொன்னேன்.

கமலாட்சி அழவில்லை. ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை. கையில் ஒட்டியிருந்த மண்ணை உதிர்த்தார்.

“தெனமும் பேரு கூப்பிட்டீங்களா?”

“ஓம் அம்மா.”

“சுதர்சினின்னு?”

“ஓம்.”

“யாரும் பதில் சொல்லலயே?”

“இல்லை.”

“ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு,” என்றார். “எனக்குச் சொல்லியிருக்கலாமே டீச்சர். பள்ளிக்கூடம் நடந்து போற தூரந்தானே. நான் அந்த வாசல்ல எத்தன நாளு வந்து நின்னேன், இல்லன்னு சொல்லிருவீங்கன்னு பயந்து உள்ள வந்து கேக்கல. நீங்க வகுப்புக்குள்ள இருந்தீங்க.”

அவரை அந்த வாசலில் நான் கண்டிருக்கிறேன். முகம் நினைவு வரவில்லை. ஒரு பெண் படலையடியில் நிற்பதும், நான் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று படிப்பித்ததும் நினைவு வந்தது. அதையும் சொன்னேன்.

வீரபாகு உள்ளேயிருந்து கொப்பித் தாள் ஒன்றோடு வந்தார். நீலப் பேனையால் மூன்று வரி எழுதி, கீழே இந்தத் தடவை தன் முழுப் பெயரையும் போட்டிருந்தார். அதை என்னிடம் நீட்டும்போது கமலாட்சி இடையில் கையை வைத்தார்.

“இது எதுக்கு?”

வெள்ளிக்கிழமைக்குள் பதில் போக வேண்டும் என்பதையும், யதுர்ஷிகா என்கிற பிள்ளை பொய்க்காரி ஆகப்போவதையும் பைறூஸ் சொன்னான். பெற்றோரின் அக்கறையீனம் என்ற வசனத்தையும் அவன் மறைக்கவில்லை.

“அந்தப் புள்ள மேல குத்தம் இல்லன்னு எழுதுங்க,” என்றார் கமலாட்சி என்னைப் பார்த்து. “ஒங்க பேரையும் எழுதுங்க. பெத்தவங்களுக்கு அக்கறை இல்லன்னு போட்ட எடத்துல, தாய்க்காரி ரெண்டு வருசம் தேடுனான்னு எழுதுங்க. எங்கெங்க தேடுனேன்னும் எழுதணும். அப்பிடி எழுத அதுல எடம் இருக்கா?”

“இல்லை,” என்றேன். “நாங்கள் அப்பிடி எழுதிறேல்லை.”

“எழுதுங்க.”

முற்றத்தில் இருந்த மற்றக் கதிரையை இழுத்து எனக்கு எதிரே போட்டு இருந்தார். கோவையிலிருந்து ஒரு வெற்றுத்தாளை எடுத்தேன். என் பேனை பையின் அடியில் எங்கோ கிடந்தது. பைறூஸ் தன் சட்டைப் பையிலிருந்ததைத் தந்தான்.

“மொதல்ல செட்டிகுளம் முகாம்,” என்றார் கமலாட்சி. “காலையில போனேன். மழை. எழுதுறீங்களா?”

“எழுதுறன் அம்மா. சொல்லுங்கோ.”